மாமன் இல்லாத வீட்டில் கேலி

1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயரை மட்டுமே முதலாகப் போட்டுச் சினிமா கம்பெனி நடத்தும் செல்லப்பா, எஸ்டேட் முதலாளியான தன் அப்பாவுக்கு ஒரு திகில் கதை சொல்கிறான். திகிலுக்கு வேண்டிய சத்தங்களையும் வாயாலேயே போட்டுக்கொள்கிறான். அறுபது ஆண்டுகளாக நாம் அதை நாகேஷ் காட்சி என்றே சொல்லிவருகிறோம். அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டு டி.எஸ்.பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் என்று அவருக்கு அதிகம் இல்லை. ஆரம்பத்தில், இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான் என்கிற தோரணை. கொஞ்ச நேரத்தில் கண் விரிகிறது. உடம்பு குறுகுகிறது. சொத்தும் அதிகாரமும் உள்ள மனிதர் பிள்ளையின் முன்னால் பயந்த சிறுவனாக ஆகிவிடுகிறார்.

அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது அப்பா கேட்கிற விதம்தான். பாலையா பாதியில் எழுந்து போயிருந்தால், அல்லது 'போடா வேலையைப் பாத்துக்கிட்டு' என்றிருந்தால், நாகேஷின் அத்தனை சேஷ்டையும் காற்றில் போயிருக்கும். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோருக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோருக்குப் பார்வையாளராக இருக்க வருமா, கேலிக்கு ஆளாக வருமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் குடும்ப அமைப்பு இந்த இரண்டையும் அப்பாவிடம், ஓரளவு அம்மாவிடமும், எதிர்பார்த்ததே இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் படம் வந்த காலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் திண்ணைப் பேச்சு அடங்கும், புத்தகம் திறக்கும். அதற்காகச் சிரிப்பே இல்லாத வீடுகள் என்று அர்த்தமில்லை. சிரிப்பு ஆள் பார்த்துப் பங்கிடப்பட்டிருந்தது. மாமாவோடு சிரிக்கலாம், மச்சானோடு சிரிக்கலாம், தாத்தாவின் பொக்கை வாயைப் பற்றி அவரிடமே பாடலாம். அத்தை மகனையும் மாமன் மகளையும் கேலி செய்யாவிட்டால்தான் தப்பு. பெரியப்பா, சித்தப்பா அப்பா வரிசை. அங்கே அடக்கி வாசிக்க வேண்டும். யார் யாரைக் கிண்டல் செய்யலாம் என்பதற்கு 'முறை' இருந்தது. மஞ்சள் நீர் ஊற்றுவதும், நலங்கில் மாப்பிள்ளையின் தலையில் அப்பளத்தை உடைப்பதும், சம்பந்தி வீட்டாரை ஏசல் பாட்டில் வறுத்தெடுப்பதும் எல்லாமே முறைக்குள் நடப்பவை. முறையில்லாதவர் செய்தால் அது சண்டை.

இந்த ஏற்பாட்டுக்கு மானுடவியலில் ஒரு பெயர் உண்டு. ஏ.ஆர்.ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவற்றைக் 'கேலி உறவுகள்' என்று வகைப்படுத்தினார். இரண்டு உறவினர்களில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கமே அனுமதிக்கிறது, சில இடங்களில் கட்டாயப்படுத்தவும் செய்கிறது. கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராட்கிளிஃப்-பிரவுன் பெரும்பாலும் எடுத்துக்கொண்டவை ஆப்பிரிக்கச் சான்றுகள். தாய்மாமனைப் பற்றி 1924இலேயே தனியாக ஒரு கட்டுரை எழுதியவர் அவர். அதிகாரம் அப்பா பக்கம் குவிந்திருக்கும் சமூகங்களில் செல்லமும் விளையாட்டும் தாய்மாமன் பக்கம் போய்ச் சேர்கின்றன என்பது அதன் சாரம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் அந்தச் சலுகை இருப்பதையும் பின்னால் அவர் கவனித்தார். ஒரு தலைமுறை தாண்டியவர்களுக்கு இடையில் அடக்குவதற்கும் அடங்குவதற்கும் அதிகம் இல்லை.

இதைத் தமிழ் சினிமா கட்டுரை எழுதாமலே செய்து காட்டியிருக்கிறது. 2006இல் வந்த 'எம் மகன்' படத்தில் நாசர் மளிகைக் கடைக்கார அப்பா. கை நீட்டுகிற அப்பா. பரத் அவரிடம் வாய் திறக்க முடியாத பிள்ளை. வடிவேலு தாய்மாமன். வீட்டின் மூச்சுமுட்டலுக்கு நடுவில் காற்று வருவது அவர் வழியாகத்தான். வடிவேலுவை எடுத்துவிட்டால் அந்தப் படம் பார்க்க முடியாத அளவுக்கு இறுக்கமாகிவிடும். நிறைய வீடுகளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது மாமன் எங்கே இருக்கிறார்? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. இரண்டுக்கும் கீழே. இந்தச் சரிவு நேற்று தொடங்கியதும் அல்ல. இன்று கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கும் பெண்களிலேயே பலர் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் பிறந்தவர்கள். கூடப் பிறந்தது அக்காவோ தங்கையோ என்றால் பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள் என்றால் மாமனும் இல்லை, சித்தியும் இல்லை. அப்படியே ஒரு மாமன் இருந்தாலும் அவர் டாலஸில் இருப்பார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார். கேலி உறவுக்குத் தினசரிப் புழக்கம் வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி வீடியோ அழைப்பில் வருகிறவரிடம் எந்தப் பிள்ளையும் வம்புக்குப் போகாது, 'நல்லா இருக்கேன் மாமா' என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிடும்.

ஆக, ஃபீஸ் கட்டுகிற, வண்டிச் சாவியைப் பிடுங்கி வைக்கிற அதே ஆள் மாமனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. இன்றைய பெற்றோரின் சங்கடம் இங்கே தொடங்குகிறது. இரண்டு வேடத்தையும் ஒரே ஆள் போடும்போது எந்த நேரத்தில் எந்த வேடம் என்று பிள்ளைக்குக் குழப்பம் வரும். 'அப்பா விளையாட்டுக்குச் சொல்றாரா, நிஜமாத்தான் சொல்றாரா' என்று பதினேழு வயதுப் பெண் ஒரு நொடி தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாமன் பேசும்போது அந்தத் தயக்கம் வராது. அவர் எப்போதுமே விளையாட்டுக்குத்தான் பேசுவார். மானுடவியலாளர் கிரிகரி பேட்சன் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எந்த விளையாட்டுக்குள்ளும் 'இது விளையாட்டு' என்கிற செய்தி தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்றார். உறவு முறையே அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் முகத்தால், குரலால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்னக் குழந்தையோடு சிரிப்பதில் இந்தச் சிக்கல் கிடையாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்பவை நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிள்ளைக்கு ஆறேழு வயதாகும்வரை வீட்டுச் சிரிப்பு பெரும்பாலும் இளமையிலும் பேதைமையிலும் பிறக்கிறது. பிள்ளை தப்பும் தவறுமாகப் பேசும், நாம் சிரிப்போம். சொந்தக்காரர்கள் வந்தால் திரும்பச் சொல்லச் சொல்லி மறுபடி சிரிப்போம். பதினைந்து வயதில் அதே கதையை விருந்தாளி முன் எடுத்தால் அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும். தன் இளமை தனக்கு நகைப்புக்கு உரியதாகத் தெரியாத வயது அது. அந்த ஊற்று வற்றிய பிறகு எஞ்சுவது எள்ளல். அதுவும் இந்த முறை ஒருவழிப் பாதையாக இருக்காது.

இருவழி என்பது முதலிலிருந்தே அப்படித்தான் என்கிறது குழந்தை உளவியல். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாசுதேவி ரெட்டி கைக்குழந்தைகளின் குறும்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒரு வயது நிரம்பாத குழந்தையே பெரியவர்களைச் சீண்டுகிறது என்பதை அவர் பதிவு செய்தார். பொம்மையை நீட்டும், அப்பா வாங்கக் கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். தொடாதே என்று சொன்ன பொருளை, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே, தொடப் போகும். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்கு எதிராளியின் எதிர்பார்ப்பு தெரிகிறது, அதை உடைத்தால் சிரிப்பு வரும் என்பதும் தெரிகிறது. ஒன்பது மாதத்தில் கைதட்டி ரசித்த அதே காரியத்தைப் பதினாறு வயதில் 'வாய் நீளம்' என்கிறோம்.

உளவியலாளர் ராபர்ட் புரோவைனின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவில் பொது இடங்களில் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பை அவரும் மாணவர்களும் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தார்கள்; ஏறத்தாழ 1,200 சிரிப்புகள். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க எதையாவது தொடர்ந்து வந்தவை பத்தில் ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் 'சரி, அப்புறம் பாக்கலாம்' போன்ற சப்பென்ற வாக்கியங்களுக்குப் பின்னால் வந்தவை. மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதும் அவருடைய கணக்கு. இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு ஆறுதல் கிடைக்கும். பிள்ளையைச் சிரிக்கவைக்க கிரேஸி மோகன் அளவுக்கு வசனம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கூட உட்கார்ந்திருக்க நேரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் தமிழ் வீட்டில் சிரிக்க வெறும் நேரம் மட்டுமல்ல, ஒரு பொதுச் சொத்தும் இருக்கிறது. தமிழ் சினிமாவின் காமெடி டிராக். கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதி நம் படங்களின் பழைய வழக்கம். என்.எஸ்.கிருஷ்ணன் தன் பகுதிகளைத் தானே அமைத்துக்கொண்டார், கவுண்டமணி–செந்திலுக்கு ஏ.வீரப்பன் எழுதினார். 1989இன் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியைக் கதையிலிருந்து கத்தரித்து எடுத்தால் கதைக்கும் நஷ்டமில்லை, காட்சிக்கும் நஷ்டமில்லை. விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். இந்தக் கத்தரித்தெடுக்கும் வசதியால்தான் காட்சிகள் படங்களைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பது என் கருத்து. டீக்கடை டேப்ரிக்கார்டரில் காமெடி கேசட்டாக ஓடின, பிறகு ஆதித்யா, சிரிப்பொலி சேனல்களில் நாள் முழுக்க ஓடின, அங்கிருந்து மீம்களுக்குப் போயின. அப்பா தியேட்டரில் பார்த்ததைப் பிள்ளை சோறு ஊட்டப்பட்டபடி டிவியில் பார்த்தது, இப்போது போனில் படமாக அனுப்புகிறது.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை நினைவிருக்கலாம். ஃபேஸ்புக்கில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது தலையில் விழுந்துதான் காண்டிராக்டர் நேசமணி அடிபட்டார் என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு எழுதினார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம் நேசமணி. இரண்டே நாளில் நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற வாசகம் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தது. பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்கிற நேரம் அது. வடநாட்டு ஊடகங்கள் யார் இந்த நேசமணி என்று விசாரிக்கத் தொடங்கின.

அந்த வாரம் தமிழ் வீடுகளில் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். ட்விட்டரில் விளையாடிய கல்லூரிப் பிள்ளைகள் பலர் படம் வந்தபோது பால்குடி; சிலர் பிறக்கவே இல்லை. அவர்களுக்கு மீம் தெரியும், முழுப் படம் தெரியாது. பெற்றோருக்குப் படம் தெரியும். மீமை எந்த இடத்தில் போட வேண்டும் என்பது தெரியாது. ஒருவர் கையில் மூலம், மற்றவர் கையில் பயன்பாடு. 'வட போச்சே' என்பது எந்தப் படத்தில், யார் யாரிடம் சொன்னது என்று அப்பா விளக்க ஆரம்பிப்பார். அது இப்போது செமஸ்டர் ரிசல்ட்டுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பிள்ளை விளக்கும். வேறு எதிலாவது இரண்டு தலைமுறையும் இவ்வளவு சமமாகக் கொடுத்து வாங்குகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். போன் செட்டிங்ஸில் பிள்ளை மட்டும் ஆசிரியர், வங்கிக் காரியத்தில் அப்பா மட்டும் ஆசிரியர். வடிவேலுவிடம்தான் இருவரும் சரிசமம்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா மின்வாரியத்தில் வேலை, அம்மா தையல் வகுப்பு எடுப்பவர், மகள் இரண்டாம் ஆண்டு பி.காம்., மகன் பதினொன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு சோபாவில் வாயைத் திறந்து தூங்கிய அப்பாவை மகள் போட்டோ எடுத்து, பின்னணியை வெட்டி, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டாள். கீழே 'ஆபீஸர் பிஸி' என்று எழுத்து. முதலில் அக்கா தம்பிக்குள் ஓடியது, கை தவறிக் குடும்பக் குழுவில் விழுந்தது. பெரியப்பா, அத்தை, ஊர்ச் சித்தி எல்லாரும் இருக்கிற குழு. அம்மாவுக்குக் கை உதறியது. அப்பா அன்று இரவு முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய அண்ணன், 'சாயந்தரம் வர்றியா?' என்று குழுவில் கேட்டதற்கு, அப்பா அதே ஸ்டிக்கரைப் பதிலாகப் போட்டார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது என்று அம்மா சொன்னார். எனக்கு இதில் பிடித்தது, அப்பா சிரித்துக் காட்டிப் பெருந்தன்மையை நிரூபிக்கவில்லை என்பது. ஸ்டிக்கரை எடுத்துப் புழங்கிவிட்டார். அண்ணனுக்கு முன்னால் தன்னைத் தானே விட்டுக்கொடுத்தது மகளுக்கு எந்தப் பாராட்டைவிடவும் பெரிதாக இருந்திருக்கும். வீட்டுக்குள் ஒரு கேலியைத் தாங்குவது ஒன்று. பங்காளிகள் பார்க்கத் தாங்குவது வேறு.

பெற்றோர் தரப்பு நகைச்சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாக்களின் ஜோக் மட்டமானது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். நம் ஊரில் அதற்குத் தலைமுறைக்கு ஒரு பெயர் வந்தது: அறுவை என்றார்கள், பிளேடு என்றார்கள், கடி என்றார்கள், மொக்கை என்றார்கள், இப்போது க்ரிஞ்ச். மார்க் ஹை-க்னுட்சன் என்ற டேனிஷ் ஆய்வாளர் 2021இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கடி ஜோக் சொல்லும் அப்பா, பிள்ளையைச் சங்கடப்படுத்துகிறார். ஆனால் பாதுகாப்பான அளவில். சங்கடத்தால் உயிர் போய்விடாது என்று பிள்ளை அதில் பழகுகிறது. கூச்சத்துக்குத் தடுப்பூசி என்று வைத்துக்கொள்ளலாம். சோதித்து நிறுவிய முடிவு என்பதைவிட அழகான ஊகம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் கல்லூரி வாசலில் இறக்கிவிடும்போது காவலாளியிடம் ஜோக் அடிக்கிற அப்பாவைப் பார்த்து, 'ஐயோ, போப்பா' என்று தலையைக் குனியும் பிள்ளையின் உதட்டோரத்தைப் பார்த்தவர்கள் இதைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

கடி வேறு, குத்தல் வேறு. நம் வீடுகளில் இது அடிக்கடி கலந்துவிடுகிறது. கனடாவின் ராட் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்து ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள்: பிறரோடு ஒட்டவைப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. தமிழ்ப் பெற்றோர் பலருக்குத் தெரிந்த ஒரே பாணி மூன்றாவது. மார்க் குறைந்தால் மாடு வாங்கித் தருகிறேன் என்பது, பெண்ணின் நிறத்தை வைத்துப் பவுடர் செலவுக் கணக்குச் சொல்வது, உடம்பு போட்ட பையனுக்கு இட்லியை எண்ணிக் காட்டுவது. கேட்டால், 'சும்மா தமாஷுக்கு. இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கிக்கிட்டு' என்பார்கள். ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு குறிவைப்பது இந்த இடத்தைத்தான். கேலி செய்தவருக்குத் தன் உள்நோக்கம் தெரியும் என்பதால் கேலி மென்மையாகத் தோன்றுகிறது. கேட்டவருக்கு வார்த்தை மட்டும்தான் கிடைக்கிறது. 'தமாஷுக்குத்தான்' என்று பின்னால் ஒட்டவைப்பது சொன்னவர் நினைக்கிற அளவுக்குக் கேட்டவரிடம் போய்ச் சேருவதில்லை. மாமன் சொன்னால் உறைக்காத ஒன்று அப்பா சொன்னால் உறைப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அப்பாவின் வார்த்தைக்குப் பின்னால் எப்போதும் தீர்ப்பு நிற்கிறது.

சேர்ந்து சிரிக்கும் குடும்பம் என்று நாம் ரசிக்கிற இடங்களிலும் செலவுக் கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 2012இல் வந்த கௌரி ஷிண்டேயின் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் ஸ்ரீதேவி 'ஜாஸ்' என்ற சொல்லைத் தப்பாக உச்சரிக்கும்போது கணவனும் குழந்தைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, சிரிப்பும் சத்தமானதில்லை. வயசுக்கு வந்துகொண்டிருக்கும் மகள் அப்பாவின் அணியில் சேர்வதற்குக் கொடுக்கும் சந்தா அது. தமிழிலும் அந்தப் படம் வெளியானது. இங்கேயும் அம்மாவின் ஆங்கிலம், அம்மாவின் போன் பிடிக்கும் விதம், அம்மா அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ என்று கேலிக்கு நிரந்தரச் சரக்கு ஒருவரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. அப்பாவும் பிள்ளைகளும் நெருக்கமாவது அம்மாவைச் செலவழித்து. அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் தமாஷ் புரியாதவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

பெண்களும் சிரிப்பும் என்றாலே நம் ஊர்ப் பழமொழி ஒன்று முன்னால் வந்து நிற்கும்: பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு. இன்று கல்லூரி போகும் மகள்களின் அம்மாக்கள் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் வாசலில் சத்தமாகச் சிரித்ததற்குத் திட்டு வாங்கியவர்கள். அவர்கள் மகளோடு அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, ஹாலில் இருப்பவருக்கு என்ன விஷயம் என்று தெரியாமல் இருப்பதும் அந்தச் சிரிப்பில் பாதி. அம்மா–மகள் நகைச்சுவையைப் பற்றி அப்பா–மகன் அளவுக்கு நம் சினிமா படம் எடுக்கவில்லை. காமெடி டிராக் ஆண்கள் ஆண்களை உதைக்கிற வெளியாகவே பெரும்பாலும் இருந்தது. மனோரமாவும் கோவை சரளாவும் தங்கள் திறமையால் இடம் பிடித்தார்கள். ஆனால் மகளோடு சிரிக்கும் அம்மா பாத்திரம் அவர்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அளந்து பார்க்க முடியுமா? பென் ஸ்டேட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024இல் 'பிளாஸ் ஒன்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 45 வயது வரையிலான 312 பேரிடம் கேட்டதில், பிள்ளை வளர்ப்பில் நகைச்சுவை பயன்படும் என்று பத்தில் ஏழு பேருக்கு மேல் சொன்னார்கள். தம் பெற்றோர் நகைச்சுவையோடு வளர்த்ததாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் பெற்றோருடன் நல்ல உறவு இருப்பதாகவும் சொன்னார்கள். நகைச்சுவை இல்லாமல் வளர்ந்ததாகச் சொன்னவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். செய்தித்தாள்கள் இதைச் சிரித்தால் உறவு சிறக்கும் என்று தலைப்புப் போட்டு முடித்துக்கொண்டன. எனக்கு அவ்வளவு அவசரமில்லை. அப்பாவோடு உறவு நன்றாக இருப்பவருக்கு அப்பாவின் மொக்கையும் நகைச்சுவையாகத்தான் நினைவில் இருக்கும். உறவு கசந்தவருக்கு அதே வாக்கியம் குத்தலாக நினைவிருக்கும். எது எதற்குக் காரணம் என்பதை நினைவைக் கேட்டுச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சோதிக்க இயற்கையாகவே ஒரு காலம் அமைந்திருக்கிறது: பிளஸ் டூ வருஷம். கேபிள் கனெக்‌ஷன் துண்டிக்கப்படுகிறது, விருந்தாளிகள் வரவேண்டாம் என்று சொல்லப்படுகிறது, காலையில் நான்கு மணிக்கு ஹார்லிக்ஸ். நீட் பயிற்சி சேர்ந்தால் இதே இரண்டு வருஷமாக நீளும். அந்த வீடுகளில் முதலில் வெட்டப்படும் செலவு சிரிப்புதான். பதினேழு வயது என்பது பிள்ளை பெரியவர்களின் கேலியைப் புரிந்துகொண்டு, அதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுக்கத் தயாராகிற வயது. சரியாக அந்த நேரத்தில் வீடு பரீட்சைக் கூடமாகிறது. அடுத்த ஜூன், ஜூலையில் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறது. கிடைத்திருக்க வேண்டிய இரண்டு வருஷம் கைநழுவிப் போகிறது. ஹாஸ்டலிலிருந்து வரும் போனில் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' தாண்டிப் பேச்சு நகராத வீடுகள் பெரும்பாலும் இந்த வழியாக வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் அளவுக்கு மீறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 'நான் என் பையன்கிட்ட ஃப்ரெண்ட் மாதிரிதான்' என்று சொல்லிக்கொள்கிற அப்பாக்கள். பிள்ளையின் ஸ்லாங்கை ஒரு வாரம் தாமதமாகப் பழகி, தப்பான இடத்தில் போட்டு, 'பூமர் அங்கிள்' பட்டம் வாங்குகிறவர்கள். பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் காலியில்லை. ராட்கிளிஃப்-பிரவுன் கேலி உறவுகளில் சமமானவை, சமமற்றவை என்று இரண்டு பிரித்தார். ஃபீஸ் கட்டுகிறவருக்கும் ஃபீஸ் கட்டப்படுகிறவருக்கும் இடையில் சமம் என்று எதுவும் இல்லை. ஆனால் சமமற்ற உறவில் கேலி மேலிருந்து கீழே மட்டும்தான் பாய வேண்டும் என்று விதியும் இல்லை. பேரன் தாத்தாவைக் கேலி செய்தபோது தாத்தா பேரனுக்குச் சமமாகிவிடவில்லை.

பல வீடுகளில் இப்போது இரண்டு குழுக்கள் ஓடுகின்றன. ஒன்று எல்லாரும் இருக்கும் குடும்பக் குழு, மற்றது பெற்றோர் இல்லாத அக்கா தம்பி குழு. நல்ல சரக்கெல்லாம் இரண்டாவதில்தான் ஓடும். அங்கே தன்னைப் பற்றி என்ன ஓடுகிறது என்று மனைவி வழியாக உளவு பார்க்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். மனைவிக்கும் ஒன்றிரண்டுதான் கசியும், அதுவும் மகளுக்கு மனசிருந்தால். கசிந்ததைக் கேட்டு அப்பா முகம் சுளித்தார் என்று தெரிந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சிரித்தார் என்று தெரிந்தால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் காட்டமானது வரும்.